முத்தம்மா வைத்த இருபத்துமூன்று பொட்டு

பத்துமலை ஓர் ஓவியர் என்பதை மலேசியாவில் எங்கள் ஊரான சுங்காயில் நம்பியவர்கள் 1982 வரைக்கும் இரண்டே பேர். ஒருவர் பத்துமலை அண்ணன். இன்னொருவன் நான். எனக்கும் இடையிடையே சந்தேகம் வந்ததுண்டு.

அவருக்குத் தொழில் லோரிக் கதவுகளில் கம்பெனிப் பெயரையும் எடையையும் எழுதுவது. நான் அப்படியொரு லோரிக் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. சிலிம் ரிவர் பள்ளிக்கூடத்தில் கற்ற ஆங்கிலமும் ஒரு டைப்ரைட்டரும் கைவசம் இருந்தபடியால் அவருடைய கலை வாழ்க்கைக்கான கடிதங்கள் எல்லாம் என் தலையில் விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் கார்பன் நகல் வைத்திருக்கிறேன். ஆகவே தேதிகளையாவது நம்பலாம்.

முதல் கண்காட்சி 1974 ஆகஸ்டில், ஈப்போவில் ஒரு சங்கம் நடத்திய போட்டி. கடிதத்தின் கடைசியில் 'பத்துமலை, சுங்காய்' என்று அடித்து அனுப்பினேன். பெற்றவர்கள் பெயரையே முருகன் கோயில் மலையாக வைத்துவிட்டால் சங்கத்துக்காரர்கள் என்ன செய்வார்கள்? படத்துக்குக் கீழே ஒட்டிய சீட்டில் 'ஊர்: பத்து மலை. ஓவியர்: பெயர் தரப்படவில்லை' என்று இருந்தது. ஆறுதல் பரிசு அறிவிக்கும்போது, பத்து மலை மக்கள் சார்பில் யாராவது வந்திருக்கிறார்களா என்று மேடையில் கேட்டார்கள். அண்ணன் எழுந்து போய் மக்கள் சார்பில் ஒரு பேனாவை வாங்கிக்கொண்டு வந்தார்.

இரண்டாவது 1978, கோலாலம்பூரில், பதினெட்டுப் பேர் சேர்ந்து நடத்தியது. அண்ணனுடைய படங்கள் இரண்டையும் கழிவறைக்குப் போகிற நடையில் மாட்டினார்கள். அதிலொன்றின் சட்டத்தில் வழிகாட்டும் அம்புக்குறியையும் ஒட்டிவிட்டார்கள். அந்தக் கண்காட்சியில் அதிகம் பேர் ஆர்வத்தோடு தேடி வந்து பார்த்த படம் அதுதான்.

மூன்றாவது, 1982 மார்ச். ஈப்போவில் ஒரு சிறு மண்டபம், வெள்ளி முதல் ஞாயிறு வரை. இந்தத் தடவை அவர் ஒருவருடைய படங்கள் மட்டும், மொத்தம் இருபத்துமூன்று. இதில்தான் அவருடைய மனைவி முத்தம்மா அக்கா நுழைகிறார்.

அக்கா செம்பனை மரங்களுக்கு அடியில் உதிரிப் பழம் பொறுக்கிக் குடும்பத்தை நடத்திவந்தவர். அண்ணன் இரண்டு வருடமாக லோரிக் கதவுகளை ஒதுக்கிவிட்டு, சாய்ந்து கிடக்கும் ரப்பர் மரங்களையும் பழைய தோட்டத்து ஆட்களையுமே வரைந்துகொண்டிருந்தார். வெட்டிச் சாய்த்த மரத்தைப் படத்தில் வேறு எதற்குச் சாய்க்க வேண்டும் என்பது அக்காவின் கேள்வி. கடைசியில் என்னை வைத்துக்கொண்டே ஒரு முடிவு சொன்னார்.

"சொந்தக்காரன் வேணாம். பாவம் பாத்து வாங்குறவனும் வேணாம். முன்னப்பின்ன தெரியாத ஒரு ஆளு, ஒரே ஒரு படத்த, வேணும்னு கேட்டு வாங்கட்டும். அதுக்கப்புறம் நான் வாயத் தொறந்தா என்னான்னு கேளுங்க. இல்லன்னா திங்கக்கெழம சீனியோட மில்லுக்குப் போயிரணும். பிரஷ்ஷெல்லாம் அடுப்புக்குலா."

சீனி அக்காவின் தம்பி. எண்ணெய் மில்லில் மண்டோர், ஆட்களை மேய்க்கிற மேற்பார்வையாளர். வேலை தயாராக இருந்தது. அண்ணன் சரியென்று தலையாட்டினார். மில்லுக்குப் போய்விட்டு மாலையில் வரையலாமே என்று நான் கேட்டதற்கு, மில்லிலிருந்து வருகிறவனுக்குக் குளிக்கத்தான் தெம்பிருக்கும், கோடு போட இருக்காது என்றார்.

மண்டபத்துப் பொறுப்பாளர் மிஸ் லியோங் என்ற சீனப் பெண்மணி. அவர் அனுப்பிய ஆங்கிலக் கடிதத்தில் ஏழு விதிகள் இருந்தன. பிப்ரவரி ஒன்பதாம் தேதி, காப்பிக்கடையில் உட்கார்ந்து அண்ணனுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். ஆறு முடிந்தபோது எங்கள் லோரி ஒன்று பீடோர் பக்கம் கவிழ்ந்துவிட்டதாக ஆள் ஓடி வந்தான். ஏழாவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மடித்து வைத்தேன். மடித்தது மடித்ததுதான்.

ஏழாவது விதி இது: விற்றுப்போன படத்தின் கீழ்மூலையில் சிவப்புப் புள்ளி ஒன்று வைக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை நான் அங்கே இல்லை. நடந்ததைப் பிறகு கேட்டுச் சேர்த்தேன். படங்களுக்கெல்லாம் அண்ணன் ஈப்போவில் சாமிப்படம் சட்டம் போடுகிற கடையில்தான் சட்டம் போட்டிருந்தார். முருகனுக்கும் லட்சுமிக்கும் போடுகிற அதே கண்ணாடி, அதே வெள்ளிப்பூ ஓரம். சாய்ந்த ரப்பர் மரத்தை அதற்குள் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றும். அக்கா மண்டபத்துக்குள் வந்தார், சுற்றிப் பார்த்தார், சூடம் கொளுத்தினார். வீட்டில் தையல் மெஷினுக்கும் சைக்கிளுக்கும் பொட்டு வைக்கிறவர் இதற்கு வைக்காமல் விடுவாரா? படங்கள் உயரத்தில் தொங்கியதால், கைக்கு எட்டிய கீழ்மூலையில், கண்ணாடிமேல், ஒவ்வொன்றுக்கும் வட்டமாக ஒரு குங்குமப் பொட்டு. அக்காவின் கைநேர்த்தி அப்படி. அச்சடித்த மாதிரி இருபத்துமூன்றும் ஒரே அளவு.

பத்து மணிக்கு மிஸ் லியோங் வந்திருக்கிறார். சுவரைப் பார்த்து வாய் பிளந்து, "செமுவா ஹாபிஸ்?" என்று மலாயில் கேட்டிருக்கிறார். எல்லாம் தீர்ந்துவிட்டதா என்று அர்த்தம். வேலையெல்லாம் முடிந்துவிட்டதா என்று கேட்பதாக அண்ணன் எடுத்துக்கொண்டார். விடிய விடிய மாட்டிய களைப்பில், "ஹாபிஸ், ஹாபிஸ்" என்று சிரித்தார். அந்த அம்மாள் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, பத்திரிகைக்காரருக்குச் சொல்லப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நான் ஈப்போ பஸ்ஸில் ஆங்கிலப் பத்திரிகையைப் பிரித்தால், ஏழாம் பக்கத்தில் செய்தி. சுங்காய் ஓவியரின் இருபத்துமூன்று படங்களும் திறப்புக்கு முன்பே விற்றுத் தீர்ந்தனவாம். தாப்பா தாண்டும்வரை அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்குப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பி அவருக்கும் காட்டினேன்.

மண்டபத்தில் அண்ணன் ஒரு மூலையில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. அக்கா வாசலோர முக்காலியில். இரண்டு நாளில் நூறு பேராவது வந்திருப்பார்களாம். வந்தவர்கள் படத்தருகே குனிவார்கள், கீழே பார்ப்பார்கள், "ச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போவார்கள். விலை என்ன என்று ஒருத்தர் கேட்கவில்லையாம்.

"ஒவ்வொரு படத்துக்கும் உச்சு கொட்டுறாங்க தம்பி," என்றார் அண்ணன். "எழவு வீட்டுக்கு வந்தமாரி."

பத்திரிகையை நீட்டினேன். படித்துச் சொன்னதும் அவருக்குக் கண் சிவந்துவிட்டது. தோட்டத்துக்காரன் என்றால் பத்திரிகைக்காரனுக்கும் இளக்காரமா என்றார். சீனியின் மில் காலை ஏழு மணிக்குத் திறக்கும் என்பதை மட்டும் அக்கா பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

மூன்று மணிக்கு மேல் ஒருவர் உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை, தங்க விளிம்புக் கண்ணாடி. டாக்டர் குலசிங்கம், ஈப்போவில் சொந்தக் கிளினிக், யாழ்ப்பாணத்து ஆள். நேற்றும் வந்து ஒரே படத்தின் முன்னால் அரை மணி நேரம் நின்றாராம். நேராக அதே படத்துக்குப் போனார்.

அது பெரட்டுப் படம். விடியற்காலையில் தோட்டத்துத் தொழிலாளரை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, அந்தக் காட்சி. எல்லோர் தலையிலும் விளக்கு. வலது கீழ்மூலையில் வெள்ளைக் கால்சட்டை போட்டுச் சின்னதாக ஒரு மனிதர்.

டாக்டர் என்னிடம் வந்தார். "தம்பி, இதை ஆர் வாங்கினது? அவற்ற விலாசம் தருவீங்களோ? நான் போய்க் கெஞ்சிக் கேட்டுப் பாக்கிறன்."

யாரும் வாங்கவில்லை என்றேன். அவர் சிவப்புப் புள்ளியைக் காட்டினார். நான் குனிந்து பார்த்தேன். மூக்கை அருகே கொண்டுபோனபோது கோயில் வாசம் அடித்தது. ஏழாவது விதி, பிப்ரவரி ஒன்பதாம் தேதி, கவிழ்ந்த லோரி எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன.

விஷயத்தைச் சொல்லி முடிக்க எனக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை, சுவர் சுவராகப் போய் இருபத்துமூன்றையும் பார்த்துவிட்டு வந்தார். அக்கா முக்காலியிலிருந்து எழுந்திருந்தார்.

"நல்லதாப் போச்சு," என்றார் டாக்டர். "அப்ப எனக்குத் தாங்கோ. ஆனா முதல்ல உந்தப் பொட்டைத் துடைச்சு விடுங்கோ. அந்தாளின்ர முகத்திலதான் விழுந்திருக்கு. நேற்று முழுக்க அங்காலயும் இங்காலயும் சரிஞ்சு பாத்தும் முகம் தெரியேல்ல. எங்கட அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில மருந்து குடுக்கிற டிரெஸரா இருந்தவர். நிக்கிற நிலை அவர் மாதிரியே கிடக்கு. முகம் பாத்தால்தான் சொல்லேலும்."

அண்ணன் தோள் துண்டின் நுனியைச் சுருட்டிக்கொண்டு படத்தருகே போனார். ஒரே ஒரு ஆள், தெரியாத ஆள், வேணும் என்று கேட்கிற ஆள். ஒரு துடைப்புத்தான்.

"அழிங்க," என்றார் அக்கா, குரலை உயர்த்தாமல். "நான் யாரு வேணாங்குறதுக்கு? ஒங்க பேரச் சொல்லித்தான் அந்தப் பொட்ட வச்சேன். எப்ப அழிப்பாங்கன்னு தெரிஞ்சிக்கிட்டு அழிங்க."

தமிழ் வீட்டில் பிறந்தவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை. பொட்டை அழிக்கிற நாள் ஒன்றுதான் உண்டு. அன்றைக்கு அண்ணன் நடமாடிக்கொண்டிருக்க மாட்டார். டாக்டர்கூடச் சிரிப்பை நிறுத்தினார். அக்கா ஜெயித்துவிட்டார் என்று நினைத்தேன். சும்மா நின்றாலே போதும். ஐந்து மணிக்கு மண்டபம் மூடிவிடும், காலையில் மில்.

அண்ணன் துண்டை எடுத்துத் திரும்பவும் தோளில் போட்டுக்கொண்டார்.

"மன்னிச்சிக்குங்க டாக்டர். அது இருந்துட்டுப் போவட்டும்."

டாக்டர் தலையாட்டிவிட்டு வாசலை நோக்கி நடந்தார். அண்ணன் மூலைக்குப் போய், படங்களைச் சுற்றி எடுத்துப் போகக் கொண்டுவந்த பழைய பத்திரிகைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்க ஆரம்பித்தார். அவ்வளவு ஒழுங்காக அவர் ஒரு வேலை செய்து நான் பார்த்ததில்லை. அக்கா அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எனக்கு நேராகத் திரும்பினார்.

"கிராணியாரே, பொட்டு எதுமேல இருக்கு?"

"கண்ணாடிமேலக்கா."

"படத்துமேல இல்லயே?"

"இல்ல."

"அப்ப அந்தாளு எதுக்குப் போறாரு? கூப்புடுங்கலா."

நான் டாக்டரைப் படியில் பிடித்து இழுத்து வந்தேன். அதற்குள் அக்கா பெரட்டுப் படத்தை இறக்கி, பொட்டு கலையாமல் இரண்டு பக்கமும் பிடித்து, முக்காலிமேல் நிற்க வைத்திருந்தார். நான் தாங்கிக்கொண்டேன். அக்கா பின்பக்கத்துச் சின்ன ஆணிகளை, படம் மாட்டக் கொண்டுவந்திருந்த குறட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். அட்டை வந்தது, அதன் பின்னால் படம் வந்தது. கண்ணாடியும் சட்டமும் பொட்டும் இருந்தபடியே இருந்தன.

டாக்டர் படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் அந்த முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஒண்டு கேக்கிறன், உண்மையச் சொல்லுங்கோ. இந்தாள் எப்படிப்பட்ட ஆள் எண்டு நினைச்சுக் கீறினீங்கள்?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நல்லவர், வல்லவர் என்று நாலு வார்த்தை சொல்லும்படி நான் கண்ணால் கெஞ்சினேன்.

"எங்க தோட்டத்து டிரெஸருங்க," என்றார் அண்ணன். "காய்ச்சல்னு போனாலும் வெளக்கெண்ண குடுப்பாரு, கால் ஒடிஞ்சி போனாலும் வெளக்கெண்ண குடுப்பாரு. நடிக்கிறான்னுவாரு. அவரு கையால குடிக்காதவன் எங்க தோட்டத்துல கெடயாது. ராத்திரி மட்டும், யாருக்கும் தெரியாம, லயத்து வீடுங்களுக்கு வந்து புள்ளைங்களுக்குக் காய்ச்சல் தொட்டுப் பாத்துட்டுப் போவாரு. அதையும் ஏசிக்கிட்டேதான் பாப்பாரு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒருத்தருக்கும் பிடிக்காதே?"

"ஒருத்தருக்கும் புடிக்காதுங்க."

"அப்ப அவர்தான். சுத்தித் தாங்கோ."

அண்ணன் அசையவில்லை. படத்தைக் கொடுப்பதா, உட்கார்ந்து அழுவதா என்று தெரியாதவர் போல நின்றார். நான்தான் பத்திரிகையில் சுற்றிக் கொடுத்தேன்; அவசரத்தில் ஏழாம் பக்கத்திலேயே சுற்றிவிட்டேன். டாக்டர் பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். அக்கா காலிச் சட்டத்தைத் திரும்பவும் சுவரில் மாட்டி, கோணல் பார்த்து நேராக்கினார்.

மணி நான்கு. மூட ஒரு மணி நேரம் இருந்தது.

"என்னா மரமாட்டம் நிக்கிறீங்க?" என்றார் அண்ணனிடம். குறடு இன்னும் அவர் கையிலேயே இருந்தது. "கிராணியாரே, எழுதிக்குங்க. மூணாவது படத்துக்கிட்ட ரெண்டு தரம் உச்சு கொட்டுனது தலப்பாக்கட்டுச் சிங்கு, கீழ டயர் கடைக்காரரு. பன்னண்டாவதுக்கு ஒரு சீனத்தி, எதுத்தாப்புல தையக்கட. பதினாறுக்கு ஒரு வாத்தியாரும் பொஞ்சாதியும், திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனாங்க. கட சாத்துறதுக்குள்ள ஓடுங்க. நான் ஆணியப் புடுங்கி வைக்கிறேன்."