படத்தில் வந்த சித்தி

கார்ட்டூன் படம் எடுக்கும் அந்த நிறுவனத்தில் அவளுக்கு முகக்காரி என்று பெயர். மரத்தையும் மாளிகையையும் மற்றவர்கள் வரைவார்கள். ஒரு பாத்திரம் எப்படி இருக்கும், சிரித்தால் எப்படி, சீறினால் எப்படி என்று முதலில் வரைந்து தருவது இவள் வேலை. இவள் முகத்தை முடித்துக் கொடுத்த பிறகுதான் மற்றவர்கள் அதை நடக்கவும் பேசவும் வைப்பார்கள். "முகக்காரி, எனக்கும் ஒரு நல்ல முகம் போட்டுக் கொடு. இதை வச்சுக்கிட்டு பொண்ணு கிடைக்க மாட்டேங்குது" என்று பக்கத்து மேசைக்காரன் வம்பிழுப்பான். "உனக்கு ரப்பர்தான் வேணும், பென்சில் பத்தாது" என்பாள் இவள்.

அந்த முறை அவர்கள் எடுத்தது ஒரு பழைய கதை. பஞ்சத்தில் அடிபட்ட விறகுவெட்டி, அவனுடைய இரண்டாம் மனைவி, காட்டில் கொண்டுபோய் விடப்படும் அண்ணன், தங்கை. அந்தக் கதையைக் கேட்காமல் தூங்கிய குழந்தை கிடையாது. கதையில் பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் காட்டுக்குள் கூட்டிப்போவதில் தகப்பனுக்கும் பங்கு உண்டு. திரைக்கதை எழுதியவர் அதை மாற்றிவிட்டார். "குழந்தைங்க பாக்கிற படம். அப்பா நல்லவரா இருந்துட்டுப் போகட்டும். எல்லாப் பழியும் சித்தி தலையில போடுவோம்" என்றார். இயக்குநரும் சரி என்றுவிட்டார். தகப்பன் அயர்ந்து தூங்கும்போது சித்தி பிள்ளைகளை ஏமாற்றி அழைத்துப் போவதாகக் கதை ஆயிற்று.

முகக்காரி வரைந்த சித்திகளையெல்லாம் இயக்குநர் திருப்பி அனுப்பினார். கோணல் மூக்கு, துருத்திய பல், குழி விழுந்த கண் எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"இதெல்லாம் பூச்சாண்டி. பூச்சாண்டியைப் பார்த்தா பிள்ளைங்க சிரிக்கும். எனக்கு வேண்டியது நேத்து வரைக்கும் சோறு போட்டவ. இன்னைக்குக் கைவிடறவ. பக்கத்து வீட்டுல இருக்கிற மாதிரி ஒரு முகம்."

மறுநாள் மத்தியானம் அலுத்துப்போய்க் கையை அதன் போக்கில் விட்டாள். இறுக்கி மூடிய உதடு வந்தது. இடது புருவம் கொஞ்சம் தூக்கலாக வந்தது. முகவாயில் ஒரு சின்னப் பள்ளம், ஓரத்தில் எடுத்த வகிடு. கண்ணில் கோபமே இல்லை. சுமையை இறக்கி வைத்தவள் பார்க்கும் பார்வை. இயக்குநர் பின்னால் வந்து நின்று குனிந்து பார்த்தார். பிறகு "இவதான்" என்றார். மற்ற மேசைகளிலிருந்து ஆட்கள் எழுந்து வந்தார்கள். யாரோ கை தட்டினார்கள்.

அது யாருடைய முகம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அவளைப் பெற்றவள் போன பிறகு அப்பா கட்டிக்கொண்டு வந்த சித்தியின் முகம். சின்ன வயதில் ஒருநாள் அப்பா அவளையும் அண்ணனையும் ஒரு பிள்ளைகள் விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது சித்தி வாசலில் அப்படித்தான் நின்றிருந்தாள். ரப்பரை எடுத்து அந்த முகவாய்ப் பள்ளத்தை மட்டும் அழித்திருந்தால்கூட முகம் வேறாகியிருக்கும். அழிக்கவில்லை. பாராட்டு என்பது பசித்த வயிற்றில் விழுந்த முதல் கவளம் மாதிரி. கார்ட்டூன்தானே, யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

அப்பா காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அண்ணன் வேறு ஊரில் குடும்பமாகிவிட்டான். அவளும் சித்தியும் இரண்டு அறை உள்ள ஒரு மாடி வீட்டில் இருந்தார்கள். சித்தி ஒரு பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை பார்த்தாள். காலையில் நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு, இவளுக்குச் சாப்பாட்டை டப்பாவில் போட்டு வைத்துவிட்டுப் போவாள். பைக்குள் எப்போதும் இரண்டு கைக்குட்டைகள் இருக்கும், ஒன்று மூக்கு ஒழுகும் பிள்ளைகளுக்கு.

படம் வந்தது, ஓடு ஓடென்று ஓடியது. பஸ் நிறுத்தத்தில், பிஸ்கட் பாக்கெட்டில், பென்சில் பெட்டியில், எங்கு பார்த்தாலும் அந்தச் சித்தி. அட்டையில் முகமூடிகூடப் போட்டுவிட்டார்கள்.

முதல் காட்சிக்குச் சித்தியைக் கூட்டிப்போகாமல் முகக்காரி தட்டிக்கழித்தாள். "சின்னப் பிள்ளைங்க படம் சித்தி. ஒரே சத்தம். உனக்குத் தலை வலிக்கும்."

"நீ வரைஞ்சதைப் பார்க்க வேண்டாமா?" என்று கேட்ட சித்தி, அந்த வாரமே கீழ்வீட்டு அக்காவோடு தானே டிக்கெட் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சித்தி திரும்பி வந்தபோது முகக்காரி போய்க் கதவைத் திறந்தாள்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. கடைசியில உன் பேரு வந்துச்சு. எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டாங்க. பேரு வர்ற வரைக்கும் நான் உக்காந்திருந்தேன்."

அவ்வளவுதான். சித்தி சமையலறைக்குள் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். குழாய் வெகுநேரம் திறந்தே கிடந்தது.

வேன் டிரைவர்தான் முதலில் தேங்காய் உடைத்தாற்போலச் சொன்னவர். "அக்கா, உங்களைப் படத்துல போட்டுட்டாங்களே, சொல்லவே இல்லையே." பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போயிற்று. காட்டுச் சித்தி, காட்டுச் சித்தி என்று கூப்பிட்டு விளையாடினார்கள். சித்தியும் கூடச் சிரித்தாள். ஆனால் பெரிய பிள்ளைகளுக்கு விளையாட்டாக இருந்தது சின்னதுகளுக்கு நிஜமாகிவிட்டது. வேன் வேறு தெருவுக்குள் திரும்பினால் "காட்டுக்குப் போறோமா?" என்று அழுதார்கள். மழலை வகுப்புக் குட்டி ஒருத்தி சித்தியின் கையைப் பிடிக்கவே மாட்டேன் என்றாள்.

ஒருநாள் காலையில் சித்தி கண்ணாடி முன் நின்று ஓர வகிட்டை நடு வகிடாக மாற்றிக்கொண்டிருந்ததை முகக்காரி பார்த்தாள்.

"என்ன சித்தி, புதுசா?"

"சும்மாதான். வயசாச்சுல்ல."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். டப்பாவை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

அது நடந்த அன்று மழை. பள்ளிக்கூட வாசலில் வேன் நின்றது. படியில் தண்ணீராக இருந்ததால், அந்த மழலை வகுப்புக் குட்டி வழுக்கி விழுந்துவிடப் போகிறாளே என்று சித்தி எட்டிக் கையைப் பிடித்தாள். குட்டி வீறிட்டுக் கையை உதறினாள். சித்தியின் அக்குளுக்கடியில் நுழைந்து குதித்தவள், வேனைச் சுற்றிக்கொண்டு சாலைப் பக்கம் ஓடினாள். எதிரே வந்த மோட்டார் சைக்கிள்காரர் பிரேக் போட்டும் வண்டி நிற்கவில்லை. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் இடுப்பிலும் தொடையிலும் எலும்பு நொறுங்கிவிட்டது. நடப்பாள், காலைச் சாய்த்துத்தான் நடப்பாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி வரைக்கும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போனவள் சித்தி. வழியெல்லாம் அந்தக் குட்டி அவளைத் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

குட்டியின் தாய் பள்ளிக்கூடத்தில் வந்து நின்றாள். "அந்த அம்மா காட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்கன்னு என் பிள்ளை தினமும் சொன்னா. நான்தான் காதுல வாங்கல." விசாரித்து முடிக்கும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சித்தியிடம் சொல்லிவிட்டார்கள்.

முகக்காரி முதலில் இயக்குநரிடம் ஓடினாள். அவர் நல்ல மனிதர்தான், தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். "ஊரே பார்த்த முகத்தை இனிமே எப்படிம்மா மாத்தறது? ரெண்டாம் பாகம் வேற ஆரம்பிக்கப் போறோம்" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். முகம் நிறுவனத்துடையது. வரைந்தவளுக்கு அதன்மேல் பாத்தியதை இல்லை.

சரி, பள்ளிக்கூடத்திலாவது உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று போனாள். தலைமையாசிரியை அறையில் குட்டியின் தாயும் தகப்பனும் இன்னும் சில பெற்றோரும் இருந்தார்கள். எல்லோர் முன்னாலும் சொன்னாள். "தப்பு என்னோடது. அந்த முகத்தை வரைஞ்சது நான். அவங்க என் சித்தி. அவங்க முகத்தைத்தான் வரைஞ்சிட்டேன். அவங்க மேல ஒரு தப்பும் இல்லை."

 கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது அப்போதுதான்.

"அப்ப அது நிஜமாவே அவங்க முகந்தானா?" என்றார் தலைமையாசிரியை மெதுவாக. "ஏதோ ஜாடை ஒத்துப்போச்சுன்னுதான் நாங்க நெனச்சுக்கிட்டிருந்தோம்."

"முகம் அவங்களோடது. ஆனா..."

"சும்மாவா வரைஞ்சிருப்பீங்க?" என்றார் குட்டியின் தகப்பன். குரலை உயர்த்தவில்லை. "நீங்க அவங்க கையில வளர்ந்தவங்க. நெருப்பில்லாம புகையுமா? ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சின்ன வயசுல உங்களை எங்கயாச்சும் கொண்டுபோய் விட்டாங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். முகக்காரி நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். "அப்பாதான் விட்டாரு... ஒரு ஹாஸ்டல்ல... கொஞ்ச நாளைக்கு..."

"அப்ப விட்டிருக்காங்க" என்றார் அவர்.

தலைமையாசிரியை மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடினார். அன்று சாயங்காலமே சித்தியின் வேலை போயிற்று. மறுநாள் கடைத்தெருவுக்கும் கீழ்வீட்டுக்கும் சேதி வந்துவிட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? படத்துக் கதை முழுவதும் சித்தியின் சொந்தக் கதையாகிவிட்டது. கீழ்வீட்டு அக்கா பேரனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டுதான் சித்தியைக் கடந்து போனாள்.

முகக்காரி அண்ணனுக்குப் போன் செய்து அழுதாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"ஹாஸ்டல்லேர்ந்து நம்மளைக் கூட்டிட்டு வந்தது யாருன்னு நெனச்சுக்கிட்டிருக்கே?"

"அப்பா. என்னைத் தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்தாரே."

"அது சித்தி தோளு. அப்பா வரவே இல்லை. வார்டன் விட மாட்டேன்னு சொன்னாங்க, அவ கேட்டைப் பிடிச்சுக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் நின்னா. நீ சின்னவ, தூங்கிட்ட. எனக்குத் தெரியும்."

"இதை ஏன் என்கிட்ட யாரும் சொல்லல?"

"நீ கேக்கலையே."

அவள் உள்ளே போனாள். சித்தி நீலக் கோட்டைத் துவைத்து, பள்ளிக்கூடத்தில் திருப்பிக் கொடுப்பதற்காக மடித்துக்கொண்டிருந்தாள். முகக்காரி அவள் காலடியில் உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியாம போச்சு சித்தி. பொய்யா வரைஞ்சுட்டேன்."

சித்தி கோட்டின் கையை நீவினாள்.

"பொய் இல்லைடி. அன்னைக்கு எனக்கு நிம்மதியாதான் இருந்துச்சு. பத்தொன்பது வயசு எனக்கு. வந்த அன்னைக்கே ரெண்டு பிள்ளைங்க, யாருமே என்னைப் பார்த்துச் சிரிக்கல. உங்கப்பா கொண்டுபோய் விடறேன்னு சொன்னப்ப நான் வேண்டாம்னு சொல்லல. வாசல்ல நின்னு அப்பாடான்னுதான் பார்த்தேன். அதை நீ சரியா பிடிச்சிருக்க. தியேட்டர்ல பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இவ்வளவு வருஷம் இதை மனசுல வச்சுக்கிட்டேவா இவ என் கையில சாப்பிட்டான்னு."

"அப்படி இல்ல சித்தி."

"அந்த ஒரு நாளை வரைஞ்சுட்ட. மத்த நாளெல்லாம் எங்க போச்சு?"

 சித்தி முகக்காரியின் தலையில் கை வைக்கவும் இல்லை, அவளைத் தள்ளவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் குட்டி எப்படி இருக்கா, விசாரிச்சியா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த மாதமே சித்தி முகக்காரியின் அண்ணன் ஊருக்குப் போய்விட்டாள். அவன் வீட்டில் தங்கவில்லை. அவனுக்கும் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள், அவர்களும் படம் பார்த்திருந்தார்கள். தனியாக ஓர் அறை எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைக்கும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டாம் பாகத்துக்கு வரைய மாட்டேன் என்று முகக்காரி சொல்லிவிட்டாள். அதனால் ஒன்றும் நிற்கவில்லை. அவள் வரைந்து வைத்திருந்ததைப் பார்த்துப் பக்கத்து மேசைக்காரன் வரைந்தான். நன்றாகவே வந்தது. போகிற வருகிற பஸ்ஸிலெல்லாம் அந்த முகம் இன்னும் பெரிதாக ஒட்டியிருந்தது.

சில மாதங்கள் கழித்து முகக்காரி ஒருமுறை சித்தியைப் பார்க்கப் போனாள். நீராவி மூட்டமாக இருந்த பெரிய கூடத்தில், தலைக்குத் தொப்பியும் வாய்க்குத் துணியுமாக எல்லோரும் ஒரே மாதிரி நின்று படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் சித்தி யார் என்று தெரியவில்லை. சித்திதான் கையைத் தூக்கினாள்.

"இங்க சவுகரியமா இருக்கு. யாரும் யாரையும் பார்க்கிறதில்ல" என்றாள்.

 என்ன சாப்பிட்டாய், முட்டி வலி எப்படி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இடைவேளை மணி அடித்ததும் மற்றவர்கள் வெளியே போனார்கள். சித்தி தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு வாய்த்துணியை இறக்கி, குடித்து முடித்து, துணியை மேலே ஏற்றிய பிறகுதான் திரும்பினாள். அங்கே பார்த்துப் பயந்து அழப் பிள்ளைகள் யாரும் இல்லை. முகக்காரி மட்டும்தான் இருந்தாள்.

"கெளம்பு. கடைசி பஸ்ஸை விட்டுட்டேன்னா கஷ்டம்" என்றாள் சித்தி. அடுத்த விரிப்பை எடுத்து ஒரு முனையை இவளிடம் நீட்டினாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அதை மடித்தார்கள். பிறகு முகக்காரி கிளம்பினாள்.