ஒட்டுப்போட்ட கோபுரம்

கோபுரத்தின் உச்சியில், ஊரே அண்ணாந்து பார்க்கிற இடத்தில், ஆல்பின் ரைஸ்னர் வீட்டுப் படுக்கை விரிப்பு கட்டியிருந்தது. நடுவில் பெரிய ஒட்டு. அவர் மனைவி ஒட்டிலீ காலையிலிருந்து ஜன்னல் பக்கமே போகவில்லை.

"அலமாரியில நல்லதா எத்தனை இருந்துச்சு! போயும் போயும் அதையா தூக்கிக் குடுத்தீங்க?"

"கையில கெடச்சதக் குடுத்தேன். உச்சியில கட்டுவாங்கன்னு எனக்கென்ன தெரியும்?"

"கோபுரம் கட்டுறவருக்கு உச்சி எதுன்னு தெரியாதாக்கும்."

ஆல்பின் தொப்பியை எடுத்துக்கொண்டு நழுவினார்.

தேவாலயத்துக்கு அவர் வரைந்த கோபுரம் காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது. ஆனால் பவேரியாவின் அந்தச் சிற்றூர் நகரசபைக்குக் காகிதத்தில் நம்பிக்கை இல்லை. அசல் உயரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வோம் என்றார்கள். ஆகவே மரக்கழிகளால் முழு உயரத்துக்குச் சட்டம் எழுப்பி, துணி போர்த்திக் காட்டுவதென்று ஏற்பாடு. அவ்வளவு துணிக்கு எங்கே போவது என்று அவர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, யாரும் கேட்காமலே ஊர்ப் பெண்கள் தங்கள் வீட்டு விரிப்புகளை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். அன்றைக்கு அவர் சாரத்துக்குக் கீழே நின்று, தூசி விழுந்ததாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதுவரை அவர் கட்டியவை ஒரு சிறை, ஒரு ரயில் நிலையம், பன்றிச் சந்தைக்கு ஒரு கொட்டகை. சிறையிலிருந்து எவரும் தப்பியதில்லை, ரயில் நிலையத்தில் எவரும் தேவைக்கு மேல் தங்கியதில்லை. இரண்டையும் தன் திறமைக்குச் சான்றாகவே சொல்லிக்கொள்வார். பன்றிகளின் கருத்து தெரியவில்லை. சாவதற்குள், மனிதர்கள் தலை நிமிர்ந்து பார்க்கிற மாதிரி ஒன்று. அவ்வளவுதான் ஆசை. இன்று நகரசபை வருகிறது.

எல்லாப் பக்கத்திலிருந்தும் பார்த்துவிடலாம் என்று சுற்றி வந்தவர், தேவாலயத்தின் பின்னால் ஓடையைத் தாண்டி, துணி வெளுக்கும் புல்வெளிக்கு வந்தார். நனைத்த லினன் துணிகளைப் புல்லில் விரித்து வெயிலில் வெண்மையாக்குகிற இடம். சலவைக்காரி வால்புர்காவும் இன்னும் இரண்டு பெண்களும் ஈரத்துணி ஒன்றை முக்கி முனகி இழுத்துக்கொண்டிருந்தார்கள். விரித்து நிமிர்வதற்குள் கோபுரத்தின் நிழல் மெல்ல நகர்ந்து அதன் மேலும் ஏறியது. மறுபடி இழுத்தார்கள்.

கோபுரத்துக்கு எல்லாரையும்விட அதிகத் துணி கொடுத்தவள் வால்புர்கா. கல்யாணத்துக்கென்று இளம் வயதில் நெய்து, ஓரத்தில் சிவப்பு நூலால் தன் பெயரெழுத்தைப் பின்னி, பிறகு கல்யாணமே நடக்காமல் பெட்டியில் மடித்துக் கிடந்த சீர்த்துணி.

"எப்ப இருந்தும்மா இப்படி?"

"சட்டம் நின்ன நாள்லேருந்து, ஐயா."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா கோபுரத்த வெட்டிச் சின்னதாக்கிடுவீங்க." இடுப்புத் துணியில் கையைத் துடைத்தாள். "பெட்டியிலயே கெடந்து மக்க வேண்டிய துணி. இப்ப ஒசரத்துல நின்னு நாலு ஊரப் பாக்குது. எனக்கு அது போதும்."

"நாளைக்குக் கல்லுல கட்டினா காலத்துக்கும் நிக்குமே."

"அப்ப காலத்துக்கும் இழுப்போம்."

"இடுப்பு உன்னோடது மட்டுமில்ல, வால்புர்கா!" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

ஆல்பின் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. கூரையின் எடை எந்தச் சுவரில் இறங்கும் என்று வாழ்நாளெல்லாம் கணக்குப் போட்டவர், நிழல் யார் இடுப்பில் இறங்கும் என்று ஒரு நாளும் போட்டதில்லை.

சாரத்தடியில் தச்சன் வெண்ட்லின் தலையில் கை வைத்துக்கொண்டான். "நகரசபை வர்ற நேரத்துல உச்சியக் கழட்டுறதா? காலையில என்ன குடிச்சீங்க, ஐயா?"

"காபிதான். கழட்டு. நிழல் துணிய விட்டு வெலகினதும் புல்வெளியிலேருந்து வால்புர்காம்மா கையக் காட்டும். அதுவரைக்கும் எறக்கு."

சொல்லிவிட்டுத் தானும் சாரத்தில் ஏறினார். முழங்கால்கள் படிக்குப் படி ஆட்சேபம் தெரிவித்தன. உச்சி அடுக்கு கழன்றதும், புல்வெளியில் வால்புர்கா இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். போதும், போதும்.

போதாது. மேலேயிருந்து நன்றாகவே தெரிந்தது. நிழலின் நுனி இன்னும் துணியின் பாதியில் கிடந்தது. அதைப் பாவாடையால் மறைத்துவிடலாம் என்பதுபோல் அதன் முன்னாலேயே வந்து நின்று ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அவரிடம் பொய் சொன்னவர்கள் உண்டு. எல்லாம் அவரவர் வசதிக்காக. அவருடைய கோபுரம் உயரமாக நிற்கவேண்டும் என்று ஒருவர் பொய் சொல்வது இதுதான் முதல் தடவை. கண்ணில் விழுந்த தூசியை மறுபடி துடைத்துக்கொண்டார். நல்லவேளை, வெண்ட்லின் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னும் ஒரு அடுக்கு."

"அந்தம்மாதான் போதும்னு ஆட்டுதே?"

"பொய் சொல்லுது. நல்லா இருக்கட்டும் மகராசி. நீ எறக்கு."

அடுத்த அடுக்கும் இறங்கியது. இப்போது உச்சியில் மிஞ்சியது வால்புர்காவின் துணி, ஓரத்தில் சிவப்பு எழுத்தோடு. ஓடைக்கு அப்பால் புல்வெளி முழுக்க வெயில். வால்புர்காவின் கைகள் மெல்லத் தாழ்ந்தன.

அவளுக்குத் தொப்பியைக் கழற்ற நினைத்தார். இவ்வளவு தூரத்துக்குத் தொப்பி தெரியாது. காலடியில், அவிழ்த்துப் போட்ட தன் வீட்டு விரிப்பு கிடந்தது. அதை எடுத்து உதறி, இரண்டு கையாலும் பிடித்து அவளைப் பார்த்து ஆட்டினார். காற்று அதை வாங்கி விரித்தது, ஒட்டு நடுவில் பளிச்சென்று.

கீழே எங்கேயோ ஒரு ஜன்னல் திறந்தது. "ஐயையோ, மறுபடியும் அதையா!"

தெருமுனையில் நகரசபையின் கறுப்புத் தொப்பிகள் வந்து நின்றன. எல்லாரும் தொப்பி விழாமல் பிடித்துக்கொண்டு தலையை நிமிர்த்தினார்கள். ஓடைக்கு அப்பால் ஈரத்துணி ஒன்றின் முனை மேலே எழுந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட, பதிலுக்கு ஆடியது.