பெயர் போடாத குறிப்பு

கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே மருந்துக் கம்பெனியில்தான் வேலை. அவன் கணினிப் பிரிவில், அவள் பரிசோதனைக் கூடத்தில்.

ஒருநாள் கம்பெனியே ஆடிப்போனது. குழந்தைகளுக்கான இருமல் மருந்தில் சேரக்கூடாத ரசாயனம் ஒன்று சேர்ந்திருப்பதைச் சொல்லும் அறிக்கைகளை யாரோ இணையத்தில் போட்டுவிட்டார்கள். ரகசிய ஆவணங்களை வாங்கி, அனுப்பியவர் பெயரில்லாமல் வெளியிடும் தளம் அது. மேலிடம் அமுக்கி வைத்திருந்த அறிக்கைகள் அவை.

"யாருன்னு கண்டுபிடிங்க," என்றார் மேலாளர்.

அவன் கோப்புகளைக் குடைந்தான். பெயர் இல்லை, தடம் இல்லை. ஆள் கில்லாடி என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டே, கூட அனுப்பியிருந்த குறிப்பைத் திறந்தான்.

'ஒரு விஷயம். இது குழந்தைகள் குடிக்கிற மருந்து. பார்த்துச் செய்யுங்கள். மறந்துவிடாதீர்கள், சரியா?'

அவனுக்கு வியர்த்துவிட்டது. காய்கறி வாங்கிவரச் சொல்லி அவள் அனுப்பும் செய்தியும் அச்சு அசல் இப்படித்தான் தொடங்கி இப்படித்தான் முடியும்.

சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தான்.

"தடத்தையெல்லாம் சுத்தமா அழிச்சிருக்க. எங்க கத்துக்கிட்ட?"

அவள் கை நின்றது. "உங்ககிட்டதான். சாப்பிடும்போது ஆபீஸ் கதை பேசுவீங்களே, காதுல வாங்கலன்னு நெனச்சீங்களா?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"உங்களுக்குப் பொய் சொல்ல வராதுங்க. காது செவந்துடும்."

அவனுக்குக் கோபப்படத்தான் ஆசை. சிரிப்புதான் வந்தது. பக்கத்தில் நகர்ந்து ஒரு துண்டை எடுத்துக் கோணல்மாணலாக மடித்தான். அவள் அதைப் பிடுங்கித் திரும்ப மடித்தாள்.

மறுநாள், "எதுவும் கிடைக்கல சார்," என்று மேலாளரிடம் சொன்னான். காது நெருப்பாய்ச் சுட்டது. அவர் கவனிக்கவில்லை. அவர் மனதில் வேறு ஆள் இருந்தான். தடித்த கண்ணாடிக்காக எல்லோரும் சோடாபுட்டி என்று கூப்பிடும் சக ஊழியன். அந்த மருந்தைப் பற்றிக் கூட்டத்தில் கேள்வி கேட்டவன் அவன் ஒருவன்தான்.

மதியத்துக்குள் சோடாபுட்டியை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். அவன் தன் சாமான்களை அட்டைப்பெட்டியில் அடுக்குவதைப் பரிசோதனைக் கூடத்தின் கண்ணாடி வழியே அவள் பார்த்தாள். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே மேலாளர் அறைக்குப் போனாள்.

"அவர் இல்ல சார். அனுப்பினது நான்."

விஷயம் காதில் விழுந்து, கணவன் மூச்சிரைக்க ஓடிவந்து அவள் பக்கத்தில் நின்றான்.

"இது உங்களுக்குத் தெரியுமா?" என்றார் மேலாளர்.

"தெரியும் சார். தெரிஞ்சேதான் மறைச்சேன்."

இருவருக்கும் வேலை போயிற்று. பேருந்து நிறுத்தத்தில் அவள் பொலபொலவென்று அழுதாள். "உங்க வேலையும் போச்சே, நீங்க ஏன் வாயத் திறந்தீங்க?"

"நீ தனியா நிக்கிறதைப் பாத்துட்டு எப்படிம்மா சும்மா இருக்கிறது?"

அந்த வாரமே அரசாங்கம் அந்த மருந்தைத் தடைசெய்து, கடைகளிலிருந்து திரும்பப் பெற வைத்தது. சோடாபுட்டியை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார்கள். அவன் அன்றே இவர்கள் வீட்டுக்கு வந்து வாசலிலேயே கத்த ஆரம்பித்தான். "உங்களை யாருங்க ஒத்துக்கச் சொன்னது? நான் எப்படியாவது சமாளிச்சிருக்க மாட்டேனா?"

"மொதல்ல கை கழுவிட்டு வாங்க," என்று அவள் தட்டு வைத்தாள்.

திட்டிக்கொண்டே இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான். மூன்றாவது முறை தட்டை நீட்டும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவேண்டி இருந்தது.