வேணும்னு அடிக்காத கை

ஜஸ்டினின் கைகளைப் பின்னால் நைலான் கயிற்றால் கட்டித்தான் கூட்டி வந்திருந்தார்கள். மணமேல்குடிப் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்திலிருந்து புதுக்கோட்டை மருத்துவமனை வரை வேனில் அப்படியே உட்காரவைத்து வந்ததில் மணிக்கட்டுத் தோல் உரிந்து கயிறு சிவந்திருந்தது. முந்தின வாரம் மனைவி ஷர்லியின் முகத்தைச் சுவரில் மோதி முன்பற்கள் இரண்டை உடைத்திருந்தான். தடுக்கப் போன அண்ணன் செபமாலைக்குத் தோளில் துடுப்படி.

"எழுதிக் குடுத்துருங்க மேடம்" என்றார் செபமாலை. "குடிச்சுக் குடிச்சே மூளை கலங்கிப் போச்சு. ஒரு பேப்பர் இருந்தா எங்கிட்டாச்சும் கொண்டுபோயி அடைச்சுப்புடுவேன்."

இசைவாணி அந்த மருத்துவமனையில் உளவியல் பரிசோதனை செய்பவள். பழைய சீட்டுகளைப் புரட்டினாள். ஒரு டாக்டர் குடிநோய் என்று எழுதியிருந்தார், இன்னொருவர் மனச்சிதைவு என்று.

"கயித்த அவுத்துவிடுங்க. கட்டிப்போட்டு டெஸ்ட் எடுக்க முடியாதுங்க."

கதவுப் பக்கம் தான் உட்கார்ந்து, வந்தவரை உள்பக்கம் உட்காரவைக்க வேண்டும் என்பது அவள் படித்த முதல் பாடம். அன்று மின்விசிறிக் காற்றுக்காக உள்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள். செபமாலை வெளியே நின்றார். ஷர்லி மட்டும் மூலை நாற்காலியில்.

பரிசோதனை எளிதானதுதான். அட்டைகளை நிறத்தையோ வடிவத்தையோ எண்ணிக்கையையோ பார்த்துப் பிரிக்க வேண்டும். எதை வைத்துப் பிரிப்பது என்று அவள் சொல்லமாட்டாள். ஒவ்வோர் அட்டைக்கும் சரி, தப்பு என்று மட்டும் சொல்வாள். நடுவில் விதியை மாற்றிவிடுவாள். பெரும்பாலானவர்கள் இரண்டு மூன்று தவறுக்குள் பிடித்துக்கொள்வார்கள்.

ஜஸ்டின் நிறத்தைச் சட்டென்று பிடித்துக்கொண்டான். விதி மாறியது.

"தப்பு."

மறுபடி நிறம்.

"தப்புங்க."

மறுபடி நிறம். பன்னிரண்டாவது முறை 'தப்பு' என்றபோது மேசை அவள் வயிற்றில் வந்து இடித்தது. தலைமுடி அவன் பிடியில் இருந்தது. நெற்றி மேசை விளிம்பில் ஒருமுறை மோதியது. இரண்டாம் முறை மோதியபோது புருவம் கிழிந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. கத்த வாய் திறந்தாள். அவன் முழங்கை தொண்டையை நெரித்தது. மூச்சு நின்று காதுக்குள் இரைந்தது.

ஷர்லி கத்தவில்லை. எழுந்து வந்து அட்டைகளை ஒரே வாரலில் கீழே தள்ளினாள்.

"முடிஞ்சிருச்சுங்க. எல்லாம் சரியாப் போட்டுட்டீங்க. வாங்க போவோம்."

பிடி உடனே தளர்ந்தது. ஜஸ்டின் தன் விரல்களில் சுற்றியிருந்த முடியைப் பார்த்தான். பிறகு சுவரோரம் உட்கார்ந்து பெரிதாக அழத் தொடங்கினான்.

புருவத்தில் ஏழு தையல். ஊசி போட்ட மரப்பு இறங்குவதற்குள் இசைவாணி ஷர்லியைத் தனியாகக் கூப்பிட்டாள். இதுவரை பார்த்த இரண்டு டாக்டர்களும் செபமாலையிடம்தான் விசாரித்திருந்தார்கள்.

"எப்பேர்ந்து இப்படி?"

"ரெண்டு வருசமா. விசைப்படகுல வலை இழுக்கிற கம்பி அறுந்து நெத்தியில அடிச்சிருச்சு. மூணு நாளு நெனப்பு இல்ல. அதுக்கு முந்தி என்னைய ஒரு வார்த்த அதட்டினது கெடையாதுங்க."

"குடி?"

"அடிபட்டதுக்கப்பறம் தொடவே இல்ல. ஆரு கேட்டா?"

அன்று மாலை அறிக்கை எழுத உட்கார்ந்தாள். அவனை வெறுத்தாள். 'மிக ஆபத்தானவர், அடைத்து வைக்கத் தக்கவர்' என்று எழுதினாள். ஒரு மணி நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதைக் கிழித்துப் போட்டாள். தலை ஸ்கேன் எடுக்கச் சொல்லி மனநல மருத்துவருக்கு எழுதினாள். ஸ்கேனில் மூளையின் முன்பகுதியில் பழைய காயத் தழும்பு தெளிவாகத் தெரிந்தது. கோபத்துக்குக் கடிவாளம் போடும் இடம் அது. விதி மாறினால் மனத்தை அதற்கேற்ப மாற்றிவிடுவதும் அதுவே.

ஷர்லியிடம் அதை விளக்கினாள்.

"அப்ப அவரு வேணும்னு அடிக்கலையா?"

"இல்லங்க."

"வேணும்னு அடிக்கிறாருன்னு நெனச்சுத்தான் கெளம்ப இருந்தேன். துணிமணியெல்லாம் எடுத்து வச்சுட்டேன். இப்பச் சீக்குன்னு சொல்றீங்க. சீக்காளிய விட்டுட்டு எப்புடிங்க போறது?"

இசைவாணி இதை எதிர்பார்க்கவில்லை. உண்மையைக் கண்டுபிடித்துக் கொடுத்து இந்தப் பெண்ணின் கதவையே சாத்திவிட்டோமோ என்று பட்டது. புருவக் கட்டைத் தொட்டுக் காட்டினாள்.

"இதுவும் வேணும்னு அடிச்சதில்லதான். ஆனா ஏழு தையல். ஒங்களுக்குப் பல்லு போயிருக்கு, நாளைக்கு உசுரு போகலாம். வைத்தியம் பாக்குறது வேற, அடி வாங்குறது வேற. போங்க ஷர்லி."

ஷர்லி ஒன்பது வயது மகளுடன் கீரமங்கலத்தில் தங்கை வீட்டுக்குப் போனாள். பூ மார்க்கெட்டில் வேலை கிடைத்தது. ஸ்கேன் விவரம் கேட்ட செபமாலை அடைத்துவைக்கும் பேச்சை விட்டுவிட்டு, தம்பியை வீட்டில் வைத்து வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தார். கோபம் குறைந்தது, போய்விடவில்லை. மூன்றாம் மாதம் அண்ணனின் சுண்டுவிரலை முறித்தான். செபமாலை கயிற்றைத் தேடாமல் வெளியே போய், அடங்கும் வரை காத்திருந்தார்.

மாதம் ஒருமுறை மருத்துவமனை வராந்தாவில் ஷர்லி மகளோடு வந்து அவனைப் பார்ப்பாள். ஐந்தாம் மாதம் அவன் கேட்டான்.

"வீட்டுக்கு வா, ஷர்லி."

"வரலைங்க."

"இப்ப நல்லாத்தானே இருக்கேன்?"

"இருக்கீங்க. ஆனா வரலைங்க."

அவன் முகம் கறுத்தது. எழுந்தான். ஷர்லி மகளைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள். அறை வாசலில் நின்ற இசைவாணியின் கால்கள் தாமாகவே பின்வாங்கின. ஜஸ்டின் திரும்பிச் சுவரைக் குத்தினான். எலும்பு தெரியும் வரை, ஆறு குத்து. யாரும் பக்கத்தில் போகவில்லை. அடங்கியதும் வலக்கையை இடக்கையால் பொத்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான்.

"போயிட்டு வாங்க. பஸ் போயிரும்" என்றான்.

அவன் கைக்குக் கட்டுப் போட்டு முடிந்ததும் இசைவாணி கோப்பைத் திறந்து எழுதினாள்: 'மிகுந்த கோபம் வந்தது. சுவரை அடித்தார். ஆளை அடிக்கவில்லை.'