செம்பருத்திக்கு அடித்த மருந்து

இந்துமதி வீட்டு முன்தோட்டத்துச் செம்பருத்தி வேலியில் பஞ்சு ஒட்டினாற்போல மாவுப்பூச்சி அப்பிக்கிடந்தது. ஒரு வாரத்தில், வயசுக்கு வந்த மகள் தேஜஸ்ரீக்குச் சீர். சொந்தபந்தம் எல்லாம் அவர்கள் ஊரான நெருப்பெரிச்சலுக்கு வந்து நிற்கும்போது வாசல் இப்படியா இருப்பது என்று அவளுக்கு உறுத்தலாக இருந்தது.

கணவன் தரணீதரன் அதற்கு ஒரு வழி கொண்டுவந்தான். பல்லடம் பக்கத்தில் தன் அப்பா லிங்கசாமியின் தோட்டத்தில், வயலுக்கு அடித்து மிச்சமிருந்த மருந்தை ஒரு குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வந்திருந்தான்.

"இது என்ன மருந்துங்க?"

"பேரெல்லாம் தெரியாது. அப்பா அடிச்சதுதான். ஒரே அடியில பூச்சி செத்துரும்."

"எவ்வளவு கலக்கோணும்?"

"ரெண்டு மூடி." அவன் நாலு மூடி ஊற்றினான்.

கையுறை இல்லை, முகத்தில் துணி இல்லை. கையில்லாத பனியனோடு தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டான். அதன் மூடி சரியாகப் பொருந்தாமல் மருந்து கசிந்ததை இருவரும் கவனிக்கவில்லை. காற்று வேறு சுழன்றடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் வாடகைக்கு இருக்கும் ஆஷாவின் குரல் கேட்டது.

"யக்கா, என்ன நாத்தம் இது? கொடியில பிள்ள துணி காயுது!"

"கொஞ்ச நேரந்தான் ஆஷா, முடிஞ்சுது," என்று இந்துமதி சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது தரணீதரன் படியில் உட்கார்ந்திருந்தான். உடம்பெல்லாம் வேர்வை, வாயோரம் எச்சில் வழிந்தது. "கண்ணு மங்கலா இருக்குது" என்றவனின் விரல்கள் துடித்தன. முதுகில் கை வைத்துப் பார்த்தாள். பனியன் சொதசொதவென்று நனைந்திருந்தது. தையல் வேலையில் நாளெல்லாம் துணியோடு புழங்குகிறவள் அவள். பருத்தி எதையும் எப்படி உறிஞ்சும் என்று அவளுக்குத் தெரியாதா? கையில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பனியனைக் கத்தரித்து எடுத்தாள். குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு முதுகைக் கழுவினாள்.

சத்தம் கேட்டு ஓடிவந்த ஆஷா, காரின் பின்சீட்டில் அவனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். இந்துமதி ஓட்டினாள்.

ஆஸ்பத்திரியில் அவன் கண்பாவை ஊசிமுனையாய்ச் சுருங்கியிருப்பதைப் பார்த்ததுமே டாக்டர் ஊசி போடச் சொல்லிவிட்டார். பிறகு கேட்டார்: "என்ன மருந்துங்க? லேபிள் இருக்குதா?"

பாட்டிலில் பெயரே இல்லையே. இந்துமதி மாமனாருக்குப் போன் போட்டாள்.

"டப்பாவத் தூக்கி வீசிட்டனே கண்ணு."

"எங்க வீசுனீங்க மாமா? போய்ப் பாருங்க. இவரு கண்ணே தெறக்கலைங்க!"

கிணற்றோரக் குப்பையைக் கிளறி, டப்பாவைக் கண்டுபிடித்து லிங்கசாமி படம் அனுப்பினார். டாக்டர் அதைப் பெரிதாக்கிப் படித்தார். "நான் நெனச்ச வகைதான். இது வயலுக்கு உண்டானது. வீட்டுச் செடிக்கு அடிக்கவே கூடாது. அந்தப் பனியனத் தொவைக்காதீங்க, கவர்ல கட்டி வையுங்க. நீங்க ஒடனே கழட்டுனது நல்லதாப்போச்சு."

சாயங்காலத்துக்குள் தரணீதரனுக்கு நடுக்கம் குறைந்தது. மறுநாளும் அவனை அங்கேயே வைத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் இந்துமதி முதலில் ஆஷா வாசலுக்குத்தான் போனாள். ஆஷா துணிகளை இரண்டாம் முறை துவைத்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைக்கு ஒண்ணுமில்லயே?"

"இல்லக்கா." முகம் கொடுக்கவில்லை. "முன்னாடியே சொல்லியிருந்தா துணிய எடுத்துருப்பேன்ல. அதுக்கு எவ்ளோ நேரமாவும்?"

"தப்புதான் ஆஷா. அன்னிக்கு நீ சொன்னதும் நிறுத்தியிருக்கோணும்."

ஆஷா குடத்திலிருந்து குடிக்கத் தண்ணீர் மட்டும் மொண்டு கொடுத்தாள்.

மிச்ச மருந்தைச் சாக்கடையில் ஊற்றிவிடலாமா என்று, மகனைப் பார்க்க வந்த லிங்கசாமி கேட்டார். "வேண்டாமுங்க மாமா, வாங்குன கடையிலயே என்ன பண்றதுன்னு கேளுங்க," என்று பாட்டிலின் மேல் மருந்தின் பெயரைப் பெரிதாக எழுதி, தோட்டத்தில் பூட்டிய அலமாரியில் வைக்கச் சொல்லி அவரிடம் கொடுத்தாள் இந்துமதி. பூச்சி பிடித்த கிளைகளை வெட்டி மூட்டையில் கட்டினாள். மற்றவற்றின் மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாள். பிறகு காற்றடங்கிய ஒரு மாலையில், ஆஷாவிடம் சொல்லிவிட்டு, இலைகளின் அடிப்பக்கத்தில் சோப்புத் தண்ணீர் தெளித்தாள். பூச்சி முழுதாகப் போகவில்லை, பாதி போனது.

சீரன்று வேலி மொட்டை மொட்டையாக நின்றது. "ஏனுங்க தம்பி, பூச்செடிய இப்படியா வெட்டுவீங்க?" என்றாள் பெரியாத்தாள் அத்தை.

"பூச்சி வந்துச்சுங்க அத்தை, அதான் வெட்டிட்டோம்," என்றான் தரணீதரன். கையில் இன்னும் தெம்பு வரவில்லை. வரவேற்பை இந்துமதியிடம் விட்டுவிட்டு, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.