விருந்தாளிக்கு எந்த ஊர்க் கோர்ட்?

…பூண்டா உரிக்கிறார், அண்ணனா, அதுவும் சிரித்துக்கொண்டே, அப்படி என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது பூண்டில்… மயிலாப்பூரில் வக்கீல் அஸ்வினியின் அறையில் கணினித் திரையை முறைத்தபடி உட்கார்ந்திருந்தார் அக்பர் பாஷா. வீடியோ விசாரணைக்கு நடுவே நீதிபதி சாப்பிடப் போயிருந்தார், பெங்களூர் வீட்டில் மட்டும் கேமராவை அணைக்க மறந்துவிட்டார்கள். மறதி நோய் வந்த அண்ணன் ஹபீபுர் ரஹ்மான் மந்தைவெளியில் இவரோடு ஆறு வருஷம் இருந்தார், ஒரு கல்யாணத்துக்கென்று பெங்களூர் போனார், தங்கை கமர் ஜஹான் திருப்பி அனுப்பவில்லை. அண்ணனுக்குக் காப்பாளர் யார் என்பதெல்லாம் அப்புறமாம், அதை எந்த ஊர்க் கோர்ட் சொல்வது என்பதுதான் முதல் வழக்காம், அவர் வழக்கமாக வசிக்கும் ஊர் எதுவோ அந்த ஊர்க் கோர்ட்டாம். வசித்தாரா? ராஜாவாக அல்லவா வாழ்ந்தார்! நல்லி எலும்பு அவருக்கு, ஜரிகைத் தலையணை அவருக்கு, அவர் கண்ணயர்ந்தால் மந்தைவெளி ரயிலே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் போகும்… அதைத்தான் சற்றுமுன் நீதிபதியிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: “ஒரு டம்ளர் தூக்க வுட்டதில்லீங்கய்யா, ஆறு வருஷமும் விருந்தாளியாத்தான் வெச்சிருந்தேன்!” எதிர்க்கட்சி வக்கீல் அதைக் கேட்டுப் புன்னகைத்த புன்னகை இருக்கிறதே…

“இன்னா பாய் இப்டிப் பண்ட்டீங்க? விருந்தாளின்னா சொந்த வூடு வேற எங்கியோ கீதுன்னுதானே அர்த்தம்?” என்று அஸ்வினி தலையில் கைவைத்துக்கொண்டாள். அவளுக்கு என்ன தெரியும், சின்ன வயதில் சாந்தோம் கடற்கரைக்கு அண்ணன் தோளில் ஏறிப்போனது கமர், அவள் செருப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தது இவர்… இப்போதும் பார், திரையில் அவள் அதட்டுகிறாள், “பாய்ஜான், தோலைக் கீழ போடாதீங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது? அப்பறம் நீங்களேதான் பெருக்கணும்!” பெரியவரை இப்படியா பேசுவது, அண்ணனோ வேண்டுமென்றே இன்னொரு தோலைக் கீழே போட்டுவிட்டு அவளை ஓரக்கண்ணால் பார்க்கிறார்… என்னிடம் ஒருநாளாவது இப்படி விஷமம் செய்தாரா? நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பார், சாயங்காலமானால் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார், “ரொம்ப நாள் தங்கிட்டேன் தம்பி, கெளம்பட்டுமா?” நோய் பேசுகிறது என்று இவர்தான் டாக்டரிடம் சொல்லி மாத்திரையைக் கூட்டி வாங்கினாரே, நோய்தானா அது…

“ஜட்ஜ் வந்துட்டாரு, மைக்க ஆன் பண்ணுங்க பாய்.” விரல் பொத்தானுக்குப் போய் நின்றது. அந்த வீட்டில் சாயங்காலம் அண்ணன் சட்டை மாட்டுகிறாரா, அதை மட்டும் கமரிடம் கேட்டுவிடலாம், கேட்டு, இல்லை என்று அவள் சொல்லிவிட்டால்…