பத்தொன்பது அல்ல, பத்து

நவம்பர் 14, வியாழன்

இன்று ஒரு சின்னத் தவறு தெரிய வந்தது. என்னுடையதுதான். பன்னிரண்டு நாளாகப் பதிவேட்டில் கிடக்கிறது.

மாலை வகுப்பில் காயங்களுக்கு மதிப்பெண் போடும் பயிற்சி. ஆஸ்பத்திரியில் நான் தினமும் செய்கிற வேலை என்பதால் எல்லோருக்கும் முன்னால் முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். தாள் திரும்பி வந்தபோது மூன்றாம் கணக்கில் சிவப்புக் கோடு. உடலை ஆறு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியில் மிக மோசமான ஒரே காயத்தை எடுக்க வேண்டும். அதன் கடுமை எண்ணை (ஒன்று லேசு, ஆறு மிக மோசம்) அதே எண்ணால் பெருக்கி, மூன்று பகுதிகள் வரை கூட்ட வேண்டும். இவ்வளவும் தெரியும். முதுகெலும்பின் நடுப்பகுதி மார்புக் கணக்கில் சேரும் என்பதுதான் தெரியவில்லை. எங்கள் ஷிவமொக்கா அவசரப் பிரிவின் கன்னடத் தாளில் ‘எதெ’ ஒரு கட்டம், ‘பென்னு’ ஒரு கட்டம். நெஞ்சு வேறு, முதுகு வேறு. நானும் அப்படியே இரண்டாக எண்ணி வந்திருக்கிறேன்.

பஸ்ஸில் வரும்போது பைரப்பாவின் நினைவு வந்தது. பாக்குமரம் ஏறுகிறவர், நாற்பத்தாறு வயது. இரண்டாம் தேதி காலை மரம் முறிந்து விழுந்தார். விலா எலும்புகளுக்கு மூன்று, முதுகெலும்புக்கு மூன்று, முழங்கைச் சிராய்ப்புக்கு ஒன்று. ஒன்பதும் ஒன்பதும் ஒன்றும் பத்தொன்பது என்று போட்டேன். அன்று மாலை ஐந்தரைக்கு இறந்துபோனார். பதினைந்துக்கு மேல் உள்ளவர் இறந்தால் எங்கள் ஆஸ்பத்திரியில் ‘எதிர்பார்த்தது’ என்று எழுதி மூடிவிடுவார்கள். அதற்குக் கீழே என்றால் மரண ஆய்வுக் கூட்டத்துக்குப் போயாக வேண்டும்.

சரியான கணக்கு பத்து. மூன்று முறை போட்டுப் பார்த்தேன்.

நவம்பர் 15, வெள்ளி

காலையில் பழைய தாள்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். இதே தவறு இன்னும் பதினொன்றில் இருக்கிறது. அந்தப் பதினொரு பேரும் பிழைத்து வீட்டுக்குப் போனவர்கள்.

ஆஸ்பத்திரியின் தரக் கண்காணிப்புப் பிரிவு அதிகாரி நாகேந்திர சாரிடம் சொன்னேன்.

“பத்து மார்க்குன்னா ஆள் பொழச்சிருக்கணுமேம்மா?”

“அதான் சார்.”

“என்ன அதான்? செத்த ஆளுக்கு மார்க்கைக் குறைக்கிற. சாயங்கால கிளாஸ் போனதும் பெரிய எக்ஸாமினர் ஆயிட்ட.” பேனாவை மூடி வைத்தார். “உன் தாள், உன் கையெழுத்து. நாளைக்குக் கூட்டம். பட்டியல் இன்னிக்கு நாலு மணிக்கு மூடிடுவேன். ஆனா அன்னிக்கு டியூட்டி யாருன்னு பாத்துட்டு மாத்து.”

பார்த்தேன். ஜெசிந்தா சிஸ்டர். ஆறு வருடமாக ஒப்பந்த வேலை. நிரந்தரமாகிறவர்களின் பட்டியல் அடுத்த வாரம் வருகிறது. பைரப்பாவின் மூச்சை மணிக்கொரு முறை எண்ணி எழுதியிருக்க வேண்டும். மதியம் ஒரு மணிக்கு நிமிடத்துக்கு இருபது. இரண்டும் மூன்றும் காலி. நாலு மணிக்கு நாற்பத்திரண்டு.

சிஸ்டரிடம் முன்கூட்டியே சொல்வது சரியா என்று தெரியவில்லை. சொல்லாமல் மாற்றுவதும் சரியாகப் படவில்லை. மூன்றேகாலுக்குக் கட்டுப்போடும் அறைக்குப் போனேன். துணிச்சுருள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். சொன்னேன்.

“பதிமூணு நாள் கழிச்சா உனக்குப் புத்தி வந்துது, மாராயித்தி?” கோபத்தில் கன்னடத்து ‘மகராசி’ வந்துவிட்டது.

“தப்பு என்னோடது, சிஸ்டர்.”

“தப்பு உன்னோடது, போகப்போற வேலை என்னோடது. நல்லாத்தான் பங்கு பிரிக்கிற.”

சிஸ்டர் அடுத்த சுருளைக் கையில் எடுத்தார்.

“அந்த ரெண்டு கட்டம் ஏன் காலின்னு கேக்க மாட்டியா?”

“கேக்கலாமான்னு தெரியல.”

“அன்னிக்கு ஒரு வேன் கவுந்துச்சு. ஒரே நேரத்துல பதினேழு பேர். நான் ஒருத்தி. ஆள் அனுப்புங்கன்னு ரெண்டு தடவை போன் பண்ணேன். ‘பாக்குறோம்’னாங்க. இந்த பைரப்பா என்னடான்னா, ‘நான் நல்லாத்தான் இருக்கேன் சிஸ்டரம்மா, அந்தப் புள்ளையப் பாருங்க’ன்னு சிரிக்கிறார். நம்பிட்டேன்.” கையிலிருந்த சுருள் அவிழ்ந்து தரையில் ஓடியது. எடுக்கவில்லை. “உன் தாள்ல பத்தொம்போதுன்னு பாத்தேன். சரி, எப்படியும் போயிருப்பார்னு நெனச்சேன். அந்த நம்பரை வச்சுத்தான் இத்தனை நாள் தூங்கினேன்.”

“சிஸ்டர்…”

“மாத்துன்னும் சொல்ல மாட்டேன், மாத்தாதன்னும் சொல்ல மாட்டேன். என் வாயால எதையும் வாங்கிட்டுப் போகலாம்னு நிக்காத.”

வெளியே யாரோ கூப்பிட, போய்விட்டார்.

பதிவறையில் தாளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று நாற்பது. மாற்றாவிட்டால் கூட்டத்தில் யாருக்கும் தெரியாது, நாகேந்திர சாரும் கேட்க மாட்டார். மூன்று நாற்பத்தைந்து. அடுத்த பாக்குமரக்காரர் வரும்போதும் அங்கே ஒருத்திதான் நிற்பாள், போனில் ‘பாக்குறோம்’ என்பார்கள். இதை நினைத்ததால் மாற்றினேனா, என் கணக்கு தப்பாக நிற்பது பிடிக்காமல் மாற்றினேனா, இப்போதும் சொல்லத் தெரியவில்லை. மூன்று ஐம்பத்திரண்டுக்குப் பத்தொன்பதை ஒரே கோட்டால் அடித்துப் பத்து என்று எழுதினேன். தேதி, கையெழுத்து.

நாகேந்திர சார் வாங்கிப் பார்த்தார். “கடைசியில போட்டுட்டியா?” என்றார். பட்டியலில் ஏழாவதாகச் சேர்த்துக்கொண்டார்.

ஜெசிந்தா சிஸ்டர் ஐந்து மணி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை.

நாளை: எட்டு மணிக்குள் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இரண்டாம் தேதி ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை வந்தவர்களை வருகைப் பதிவேட்டில் எண்ண வேண்டும். அன்றைய டியூட்டிப் பட்டியலையும் சிஸ்டர் போன் செய்த நேரங்களையும் நகலெடுத்துப் பைரப்பாவின் தாளோடு சேர்க்க வேண்டும். கூட்டம் பதினோரு மணிக்கு.